லாட்ஜில் நாலு கட்டில்

ஆபீஸ் கேன்டீனில் எங்கள் டீம் பையன்கள் தட்டோடு உட்கார்ந்துவிட்டால் பேச்சு எப்படியும் கேமில்தான் வந்து நிற்கும். அதிலும் ஒரு கதை இருந்து, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போய், சண்டை போட்டு, லெவல் ஏற்றிக்கொண்டே போகிற ஆர்பிஜி கேம் என்றால் சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாது. ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பையன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "முடிச்ச கேமை எதுக்குங்க மறுபடி ஆடறீங்க?" என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். போன தடவை கத்திக்காரனாக ஆடினால் இந்தத் தடவை மந்திரக்காரியாக ஆடலாமே என்றான் ஒருத்தன். முடிவு நாலு விதமாக வரும், நாலையும் பார்க்காவிட்டால் மனசு ஆறாது என்றான் இன்னொருத்தன். மியூசிக்குக்காகவே நூறு தடவை ஆடலாம் என்றான் மூன்றாமவன். என் பக்கம் திரும்பினார்கள். "லாட்ஜுக்காக" என்றேன். கொல்லென்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் ஆடின கேமில் மியூசிக் இருந்ததே எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரியும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஓசூரில் பாகலூர் ரோட்டை ஒட்டின ஒரு சந்தில் லைன் வீடு. ஒரே அறை, பின்னால் ஒரு தடுப்பு வைத்து அதில் சமையல். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அப்பாவுக்கு மெஷின் ஷாப்பில் பகல் வேலை. அம்மாவுக்கு, கார்களுக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற கம்பெனி. அந்த வருஷம் அங்கே ராத்திரிக்கு என்று புதிதாக ஒரு லைன் போட்டார்கள். அம்மாவை அதில் தூக்கிப் போட்டார்கள்.

அதற்கப்புறம் எங்கள் வீடு வீடாக இல்லை, பஸ் ஸ்டாண்டாக ஆகிவிட்டது. காலையில் அப்பா ஏறுகிற கம்பெனி பஸ்ஸும் அம்மா இறங்குகிற கம்பெனி பஸ்ஸும் மெயின் ரோட்டில் ஒன்றுக்கொன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அம்மா வந்ததும் வராததுமாக எனக்கு டிபன் கட்டி, தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, துணி துவைத்து, உச்சி வேளையில் வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டுத்தான் படுப்பாள். சாயங்காலம் அப்பா வந்துதான் எழுப்புவார். எழுந்தால் சமையல், குளியல், மறுபடி பஸ். லீவும் ஒத்துவராது. அப்பாவுக்கு ஞாயிறு, அம்மாவுக்குப் புதன். மூன்று பேரும் ஒன்றாகத் தூங்கி ஒன்றாக எழுந்த நாள் என்று அந்த வருஷத்தில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு விளையாடத் துணை கிடையாது. சந்துப் பிள்ளைகள் விளையாட்டு என்று இறங்கினால் தெலுங்கில் சண்டை போடுவார்கள், கன்னடத்தில் ராசியாவார்கள். நான் தமிழில் வாயைத் திறந்தால் என் திருநெல்வேலி இழுவையைக் கேட்டு ஒரு சிரிப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "போங்கடி" என்று வந்துவிடுவேன். வந்தால் வீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள். வீட்டில் ஆள் இருந்தும் பேச ஆள் இல்லாத சாயங்காலங்கள் அவை.

இந்த நேரத்தில்தான் மாமாவின் பெட்டி வந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடு தங்கி வேலை பார்த்தவர். புனேயில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, டிவியில் மாட்டி ஆடுகிற தன் பழைய வீடியோ கேமை எனக்கு விட்டுவிட்டுப் போனார். கூட இருந்த டிஸ்க்குகளில் கீறல் விழாமல் ஓடினது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று ஆர்பிஜி.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. காரணமும் இருந்தது. முந்தின வாரம்தான் அம்மா லைனில் நின்றபடியே கண் அசந்து, விரலைக் கட்டரில் கொடுத்துத் தையல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அப்பா பயந்துபோயிருந்தார். பயந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். பெட்டியை டிவி ஸ்டாண்டில் வைத்துவிட்டு விரலை நீட்டிச் சொன்னார்: "அம்மா தூக்கம் கெடக் கூடாது. இதால ஒரு நாள் அவ முழிச்சான்னு தெரிஞ்சுது, அன்னைக்கே இதைத் தூக்கி எவனுக்காவது குடுத்துருவேன். பாத்துக்க."

சொன்னால் செய்கிற ஆள். அதனால் டிவி சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவேன். பட்டனைக்கூட விரல் நுனியால் மெத்தென்று அமுக்குவேன். அம்மா சுவரோரம் பாயில், டிவியைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருப்பாள். நான் அவளுக்கு முதுகு காட்டி, டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பேன். நடுநடுவே திரும்பிப் பார்ப்பேன். கண் மூடியிருக்கும். அப்பாடா என்று மறுபடி ஆட்டத்துக்குள் போவேன். சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றும்போதே கேட்பார், "முழிச்சாளா?" "முழிக்கல." இதுதான் எங்கள் ஷிப்ட் மாற்றம். அப்புறம் அம்மாவை எழுப்பி அவளிடமும் கேட்பார், தூங்கினியா என்று. அம்மா தலையை முடிந்துகொண்டே, "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்பாள். தினமும் அதே பதில். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். பெட்டி தப்பித்தது, நானும் தப்பித்தேன்.

அந்த கேமில் நாலு பேர் கொண்ட ஒரு கூட்டம். ஆரம்பத்தில் நாமே நாலு பேருக்கும் பேர் வைக்க வேண்டும். இங்கிலீஷில் நாலு எழுத்துக்குத்தான் இடம். யோசிக்கவே இல்லை நான். அம்மா, அப்பா, மாமா என்று வைத்தேன். நாலு எழுத்தில் அழகாக அடங்கின. என் பேருக்கு அங்கே இடம் பத்தவில்லை, அதனால் நாலாவது ஆளுக்கு 'நான்' என்று வைத்தேன். அம்மா கத்திக்காரி, முன்னால் நின்று அடி வாங்குகிறவள். அப்பா கோடாரி. மாமா வில். நான் வைத்தியக்காரி.

சத்தமில்லாத கேம் பாதி கேம்தான். அதனால் சத்தத்தை நானே போட்டுக்கொள்வேன். திரையில் ஓடுகிற இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்து, எனக்குத் தெரிந்த தமிழில், வாய்க்குள்ளேயே முணுமுணுப்பேன். அப்பா பேசினால் அப்பா குரல், மாமா பேசினால் மாமா குரல். புரியாத இடத்தில் நானே இட்டுக்கட்டிவிடுவேன். முகமே இல்லாத ஒரு ராஜா, ஊர்களில் உள்ள பிள்ளைகளை எல்லாம் ஒரு மலைக்குள் பூட்டி வைத்திருக்கிறான், அவனை ஜெயிக்க வேண்டும், அதுதான் கதை என்று நினைக்கிறேன். அதிலும் எவ்வளவு நிஜம், எவ்வளவு என் கைச்சரக்கு என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது.

ஒவ்வொரு ஊரிலும் பலகை மாட்டின ஒரு வீடு இருக்கும். இன் என்று எழுதியிருக்கும். அப்பாவிடம் கேட்டேன். "நம்ம பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்குல்ல, லாட்ஜ், அது" என்றார். அந்த லாட்ஜுக்குள் போனால் வரிசையாக நாலு கட்டில். நாலு பேரும் ஏறிப் படுப்பார்கள். திரை இருட்டாகும். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வரும். நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள், காயம் எல்லாம் ஆறி, தெம்பாக. அம்மா, அப்பா, மாமா, நான். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அப்புறம் காயமே படாத நாளில்கூட நான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு லாட்ஜுக்குப் போனேன். சண்டையில் சேர்த்த காசெல்லாம் அதிலேயே கரைந்தது. நல்ல கத்தி வாங்கவில்லை, கவசம் வாங்கவில்லை. அதனால் ஒரு அளவுக்கு மேல் போக முடியாமல் தோற்று, முதலிலிருந்து ஆரம்பிப்பேன். முதலிலிருந்து என்றாலும் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை, முதல் ஊரிலேயே ஒரு லாட்ஜ் இருந்தது.

இப்படி எத்தனை தடவை ஆடினேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூரம் கூடப் போனேன். நடுவில் கரண்ட் போகும். அந்த நாட்களில் போனால் ரெண்டு மணி நேரம் வராது. சேவ் பண்ணாதது எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பேன். ஃபேன் நின்று, கொசு வந்து மொய்க்கும். அம்மா மட்டும் அசையவே மாட்டாள். கழுத்தில் வேர்வை ஓடும், புறங்கையில் கொசு உட்கார்ந்திருக்கும், ஒரு சுளிப்புக்கூட இருக்காது. ராத்திரி முழுக்க நின்று வேலை செய்கிற உடம்பு, எப்பேர்ப்பட்ட தூக்கம் பாரேன் என்று வியந்துகொண்டு, நான்தான் மெதுவாக ஊதி அந்தக் கொசுவை விரட்டுவேன்.

கடைசியில் ஒரு தடவை முகமில்லாத ராஜாவின் மலைக்கே போய்விட்டோம். மாதக் கடைசியோ என்னவோ, மழை தூறி, ஓசூர்க் குளிர் வாசல் கதவுக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். சண்டை ஆரம்பித்ததுமே மாமா விழுந்தார். அடுத்தது அப்பா. நானும் அம்மாவும் மட்டும் நின்றோம். நான் அம்மாவுக்கு மருந்து போட்டுக்கொண்டே இருக்கிறேன், அவன் ஒரே அடியில் அதற்கு மேல் உயிரைக் குறைத்துவிடுகிறான். என் பையில் ஒரு மணி இருந்தது. பாதி வழியில் ஒரு பெட்டிக்குள் கிடைத்தது. அடித்தால் விழுந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், ஆனால் ஒரே ஒரு தடவைதான் அடிக்கலாம். நான் அதைத் தொடவே இல்லை. எனக்கு நல்ல பொருள் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்ளத்தான் தெரியும். இதைவிடப் பெரிய ஆபத்து இனிமேல் வரும், அப்போது அடிக்கலாம் என்று நினைத்தேன். கடைசி ராஜாவின் முன்னால் நின்றுகொண்டு இனிமேல் என்ன பெரிய ஆபத்து வரும் என்று அந்த மண்டைக்கு எட்டவில்லை.

அம்மா விழுந்தாள்.

திரையில் அவள் பேர் சிவப்பாகிவிட்டது. படித்த வரியை வழக்கம்போல முணுமுணுத்தேன். "அம்மா செத்துட்டா." சொன்னதும் எனக்கே பயமாகிவிட்டது. நிறுத்த முடியவில்லை. "அம்மா செத்துட்டா, அம்மா செத்துட்டா" என்று சொல்லிக்கொண்டே அழுதேன். சத்தம் வரக் கூடாதென்று பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்படியும் விம்மல் வந்தது. அடுத்த அடி என்மேல்தான். அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

அப்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அழாத. அந்த மணியை எடுத்து அடிட்டி. வச்சுக்கிட்டே இருந்தா என்னத்துக்கு ஆகும்?"

தூக்கிவாரிப் போட்டது. அம்மா முழித்துவிட்டாள், பெட்டி போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்க்கவே தைரியம் வரவில்லை. மெல்லத் திரும்பினால், கண் மூடித்தான் இருந்தது. அதே பாய், அதே ஒருக்களிப்பு, கன்னத்துக்கு அடியில் அதே கை. "அம்மா?" என்று காற்றுக் குரலில் கூப்பிட்டேன். அசைவில்லை. மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இமை மட்டும் லேசாகத் துடித்தது. தூக்கத்தில் கனா கண்டால் இமை துடிக்கும் என்று சயின்ஸ் மிஸ் சொல்லியிருந்தார்கள்.

மணியை அடித்தேன். திரையில் அம்மா எழுந்தாள், அப்பா எழுந்தார், மாமா எழுந்தார். ராஜா விழுந்தான். மலை பிளந்து பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவை நான் ஒன்றை ஜெயித்தேன், அதைச் சத்தம் போட்டுக் கொண்டாட ஆள் இல்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, குதிக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே குதித்தேன்.

அப்பா வந்து வழக்கம்போலக் கேட்டார். "முழிக்கல" என்றேன். அது சத்தியம்தானே, கண் திறக்கவில்லையே. ஆனால் இவ்வளவு பெரிய அதிசயத்தை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியுமா? "அம்மா தூக்கத்துலயே பேசினாப்பா! எப்படி ஜெயிக்கணும்னு தூக்கத்துலயே சொன்னா!" என்று கொட்டிவிட்டேன். அப்பா எழுப்பப் போனவர் அப்படியே நின்று அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், பாயைச் சுருட்டிக்கொண்டே, "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்றாள். அன்றைக்கு டீயை அப்பாவே போட்டார்.

மறுநாள் வகுப்பில் நான்தான் ராணி. எங்கம்மா தூங்கிக்கொண்டே கேம் ஆடுவாள், உங்கம்மா ஆடுவாளா என்று கேட்டு எல்லோரையும் வாயடைத்தேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த அதிசயமே என்னை அரிக்க ஆரம்பித்தது. தூக்கத்திலும் கேம் வருகிறதென்றால் அம்மா சரியாகத் தூங்கவில்லை என்றுதானே அர்த்தம்? நான் முணுமுணுத்த முணுமுணுப்பெல்லாம் அவள் கனவுக்குள் போய் அங்கேயும் அவளை முன்னால் நிறுத்திச் சண்டை போட வைத்திருக்கிறது. ராத்திரி கம்பெனியில் வேலை, பகலில் என்னோடு மலை ஏற வேண்டும். மறுபடி லைனில் கண் அசந்தால்? மறுபடி கட்டரில் விரல் போனால்?

அன்றைக்கே பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுற்றி, டிவி ஸ்டாண்டுக்கு அடியில் தள்ளினேன். யாரும் சொல்லவில்லை, நானே செய்தேன். அதிலிருந்து ஸ்கூல் விட்டு வந்ததும் பையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அங்கிருந்து பார்த்தால் கம்பெனிக் கூரைகளும், ரோஜா வளர்க்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் கொட்டகைகளும், பெங்களூர் ரோட்டில் ஊர்ந்து போகிற லாரிகளும் தெரியும். வீட்டுக்கார அம்மா துணி எடுக்க வருவார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், கெலமங்கலத்துக்காரர்கள். "ஏன் பாப்பா, இந்தக் குளிர்ல தனியா குந்திக்கினு இருக்கறே? உள்ள போறதுதானே?" என்பார்கள். அம்மா தூங்குறாங்க என்பேன். தங்கமான பொண்ணு என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருந்த ஒரே துணையை அம்மாவுக்காக விட்டுக்கொடுத்த தியாகச் செம்மல் என்கிற நினைப்பில், மூக்கு ஒழுக ஒழுக அப்பா வருகிற வரைக்கும் மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எனக்கும் ராத்திரி வேலைதான். பெங்களூருக்கு வேனில் போய், விடிந்த பிறகு ஓசூர் திரும்புகிறேன். திரைச்சீலை போட்டாலும், காதில் பஞ்சு வைத்தாலும், மத்தியானத்தில் தூக்கம் என்பது ஏமாற்று வேலை. மூன்று மணிக்கெல்லாம் கண் முழித்துக்கொள்ளும். உடம்பு எழுந்திருக்காது, மனசு படுக்காது. ஊரெல்லாம் அதது வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நாம் மட்டும் உலகத்துக்கு வெளியே கிடக்கிற மாதிரி இருக்கும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருக்க மாட்டார்களா என்று இருக்கும்.

அந்த வருஷம் நான் மாடிக்குப் போக ஆரம்பித்துச் சில வாரம் ஆகியிருக்கும். ஒரு புதன்கிழமை, அம்மாவுக்கு லீவு. வாசல்படியில் என்னை உட்கார வைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனிய வைத்திருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

"ஏட்டி, இப்பல்லாம் அந்த கேம் ஆடக் காணோமே?"

"முடிச்சிட்டேம்மா."

"முடிச்சா என்ன? மறுபடி மொதல்ல இருந்து ஆடக் கூடாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் தூக்கத்துக்காகத்தான் விட்டேன் என்று சொல்லாமல், கேமைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மாவுக்கு, பெரிய மனுஷி தோரணையில், பொறுமையாக விளக்கினேன். மறுபடி ஆடினாலும் அதே கதைதான் வரும், அதே ஊர்தான், அதே ஆட்கள்தான், புதுசாக ஒன்றும் இருக்காது, போரடிக்கும் என்றேன்.

அம்மாவின் விரல் என் தலைமுடிக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. பேன் அகப்பட்டுவிட்டது போல என்று நினைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.